சுக்கானி எழுதிய காற்றும் மழையும்

என் பிரியமுள்ள சவரிமுத்து அண்ணனுக்கு,

திண்டிவனத்திலிருந்து எஸ்தர் எழுதுவது. இன்று காலை இங்கே காற்று தெற்கே. கிழக்கு ஓரமாக நாலு துண்டு மேகம். மழை இல்லை. வீட்டு சேதி, ஊர் சேதி எல்லாம் அப்புறம், முதலில் காற்றைச் சொல் என்பீர்கள். சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் பேசலாம்.

இந்தக் கடிதத்தை எங்கள் சபைப் பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைப் பார்த்தே இராதவர்களும் படிப்பார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் என் மகள் ரூத்தின் மாமனார். பாய்க்கப்பலில் சுக்கான் பிடித்தவர். கடலூரில் சரக்கேற்றிக்கொண்டு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன கப்பல் அது. காற்று எந்தத் திசை, எவ்வளவு பலம், அலை எவ்வளவு, மேகம் எப்படி என்று தினமும் நாலு தடவை எழுதி வைக்க அதில் ஒரு நோட்டு உண்டு. அதை எழுதினதும் நீங்கள்தான். பிறகு சரக்கெல்லாம் நீராவிக் கப்பலுக்குப் போய்விட்டது. உங்கள் கப்பலை உடைத்து மரமாக விற்றார்கள். நோட்டுகளைப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொன்னபோது நீங்கள் அவரிடம் கேட்டு வாங்கி, ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்தீர்கள். உங்கள் மகன் பிலிப்புக்கு அங்கே ரயிலில் ஃபயர்மேன் வேலை.

கப்பல் போய்விட்டது. எழுதுகிற வழக்கம் போகவில்லை. வீட்டுக் கூரைமேல் ஒரு மூங்கில் கழி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டி, அது பறக்கிற பக்கம் பார்த்து விழுப்புரத்துக் காற்றையும் நாலு வேளை எழுத ஆரம்பித்தீர்கள். சம்பந்தம் பேச வந்தபோதே இதையெல்லாம் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை தங்கமான பையன், அப்பாதான் ஒரு மாதிரி என்று என் அக்காளிடம் சொன்னேன். இப்போது சொல்வதில் தப்பில்லையே?

அன்றைக்கே நமக்கு ஆகவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஸ்கூலுக்கு நாலு நாள் லீவு, அதில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீங்கள் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வாரம் வோணாங்க டீச்சர். வாடைக் காத்து புடிக்கிற நேரம். மழை ஊத்தும்," என்றீர்கள்.

"யாரு சொன்னாங்க?"

"என் நோட்டு சொல்லுதுங்க."

"உங்க நோட்டு கடலுக்கு எழுதனதுங்க. இது திண்டிவனம்."

"கடல்லேர்ந்துதானேங்க மழை வருது?"

பதில் வராத டீச்சருக்கு என்ன வரும்? கோபம் வந்தது. அந்தத் தேதியையே வைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நீங்கள் பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கினீர்கள். பின்னாலேயே நாலு ஆட்கள் ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வரிசை என்று எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவிழ்த்தால் கப்பல் பாய்! தார் வாசனையும் உப்பு வாசனையுமாக, ஒட்டுமேல் ஒட்டுப் போட்ட பழைய பாய்.

"பந்தல் மேல விரிச்சிட்டா ஒரு சொட்டு எறங்காதுங்க," என்றீர்கள், பெருமையாக.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒட்டுப் போட்ட பாயா? எடுத்துக்கினு போயி கொல்லையில போடுங்க!"

தெருவே கேட்கிற மாதிரி சொன்னேன். பாயைக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். சமையல்காரர்கள் அதன்மேல் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினார்கள். மறுநாள் என்ன வெயில் அண்ணே அது! சித்திரை மாதிரி காய்ந்தது. நான் வேண்டுமென்றே உங்கள் எதிரில் வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வெயிலா இருக்குதில்லீங்க?" என்று கேட்டேன். "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் விழுப்புரம் வரவில்லை. நீங்களும் இங்கே வரவில்லை. ரூத்துதான் ரயிலேறி வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே அல்லாடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய், அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியான சமயம். படுக்கையும் பாத்திரமுமாக ஜனங்கள் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். திண்டிவனத்தில் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூட கிடைக்கவில்லை. வானத்தில் பருந்து பறந்தாலும் ஏரோப்ளேன் என்று கத்தினார்கள். அப்படி ஒரு மத்தியானம் ரயில்வே கார்டு ஒருவர் என் ஸ்கூலைத் தேடி வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ரூத்து எழுதியிருந்தாள்.

"அம்மா, மாமாவைப் போலீஸ் கூட்டிக்கினு போயிட்டாங்க. கூரைமேல கொடி கட்டி ஜப்பான் ஏரோப்ளேனுக்கு சைகை காட்டறாராம். டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கினு போயிட்டாங்க. இவரு காட்பாடி டூட்டி, நாளை மறுநாள்தான் வருவாரு. ஜல்தி வாம்மா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வேணும், நன்றாக வேணும் என்றுகூட நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் சிரிப்பு போனது. ரூத்துக்கு அப்போது ஆறாம் மாசம். அப்பன் வேவுக்காரன் என்று ஆகிவிட்டால் மகனுக்கு ரயிலில் வேலை இருக்குமா? உங்களை எங்கே கொண்டுபோவார்கள்? மாற்றுப் புடவைகூட எடுக்காமல் அடுத்த வண்டியில் ஏறினேன்.

நீங்கள் லாக்கப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து கம்பியண்டை வந்தீர்கள்.

"டீச்சர், காத்து எந்தப் பக்கம்?"

"மொதல்ல சாப்டீங்களா, சொல்லுங்க."

"சாப்டேன். காத்து?"

"எனக்கின்னா தெரியும்?"

"ரயிலடியிலேர்ந்து நடந்து வந்தீங்களே, முந்தானை எந்தப் பக்கம் பறந்துது?"

யோசித்துச் சொன்னேன். நீங்கள் மனசுக்குள் தெருவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ தென்றல்தான். மூணு மணிக்கு எழுதணும். பென்சிலைப் புடுங்கிக்கினாங்க," என்றீர்கள். மாட்டிக்கொண்டதைவிட அதுதான் உங்களுக்குப் பெரிய குறையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வயசில் சின்னவர். கண்ணாடி போட்டிருந்தார், மரியாதை தெரிந்தவர். உங்களைப் பிடித்து வந்த கான்ஸ்டபிள்தான் மீசையை நீவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க, இது என்ன பாஷை?"

'க. 4. அ. 3. ப.மே.' பக்கம் முழுக்க அப்படியே இருந்தது. எனக்கும் விளங்கவில்லை. ஒன்றரை வருஷமாக எந்த நோட்டுகளைக் கேலி பண்ணினேனோ, அதில் ஒன்றையாவது நான் திறந்து பார்த்ததில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து கம்பியண்டை வந்து உங்களையே கேட்டேன்.

"கச்சான் காத்து, மேற்கேர்ந்து அடிக்கிறது. பலம் நாலு. அலை மூணு. பஞ்சு மேகம்," என்றீர்கள். "கொ-ன்னா கொண்டல், கிழக்கு. வா-ன்னா வாடை, வடக்கு. தெ-ன்னா தென்றல். அவ்ளோதாங்க."

நான் திரும்பிப் போய் இன்ஸ்பெக்டருக்குப் பாடம் நடத்தினேன். அவர் பரவாயில்லை, நல்ல மாணாக்கர். ஆனால் கான்ஸ்டபிள் விடவில்லை.

"ரங்கூன், பினாங்குன்னு எழுதியிருக்குதே சார்? எல்லாம் ஜப்பான்காரன் கையில இருக்கிற ஊரு!"

"அய்யா, பேப்பரைத் தொட்டுப் பாருங்க. பூச்சி அரிச்சிருக்குது. இதை எழுதறப்போ ஜப்பான்காரன் அந்தப் பக்கமே வரலை," என்றேன்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "சரி, கப்பல் நோட்டை விடுங்க. கப்பலை விட்டு எறங்கினப்புறம் விழுப்புரத்துல எதுக்கு எழுதறார்? யாருக்கு எழுதறார்?"

நீங்கள் உள்ளேயிருந்தே சொன்னீர்கள். "யாருக்கும் இல்லீங்க. காத்து அடிக்குது, எழுதறேன்."

உண்மையான பதில்தான். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லக்கூடிய பதிலா அண்ணே அது? இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். ஆளையும் பெட்டியையும் மெட்ராசுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார். மெட்ராசில் அன்றைக்கு இருந்த களேபரத்தில் அங்கே போன மனுஷரும் பெட்டியும் எப்போது திரும்புவது? அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"தாலுகா ஆபீஸ்ல மழை அளக்கிற பாத்திரம் இருக்குதுங்களே. தினம் காலைல அளந்து ரிஜிஸ்டர்ல எழுதறாங்க. திண்டிவனத்துல என் பிள்ளைங்களை வருஷா வருஷம் கூட்டிக்கினு போயி காட்டறேன். அந்த ரிஜிஸ்டரை இந்த நோட்டோட ஒத்துப் பாருங்க. இவரு எழுதனது மழைதான்னா ஒத்துப்போவும். சைகைன்னா எப்படிங்க ஒத்துப்போவும்?"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி வைத்தார். "நாளைக்குக் காலைல வாங்க," என்றார்.

மறுநாள் ரிஜிஸ்டர் வந்தது. கான்ஸ்டபிள் அதைப் படித்தார். நான் உங்கள் நோட்டைப் படித்தேன். யுத்தம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு தேதியாக. மழை என்று நான் சொன்னால் மழை என்று அவர் சொல்வார். இல்லை என்றால் இல்லை. முதலில் உற்சாகமாகக் கத்தினார். ஒரு வருஷம் தாண்டுவதற்குள் தொண்டை கட்டி, வெறுமனே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் தேதியைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனேன். அப்படித்தான் அந்தப் பக்கத்தையும் வாசித்துவிட்டேன்.

"திண்டிவனம். தென்றல், லேசு. மேகம் இல்லை. மழை இல்லை. நான் சொன்னது தப்பு. டீச்சர் சொன்னதே சரி. மருமகள் சிரித்த முகம். சாப்பாடு நன்று."

அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

"யாரு அந்த டீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாந்தாங்க," என்றேன்.

லாக்கப் பக்கம் திரும்பினேன். நீங்கள் சுவரில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் சுழித்தே காலம் போக்கினவள் நான். என் தப்பை ஒரு தடவையாவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறேனா? நீங்களோ உங்களை அப்படி அவமானப்படுத்தினவளைப் பற்றி, அன்றைக்கே, அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்! கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தேதிக்குப் போனேன்.

அந்த வருஷப் பங்குனிவரை எல்லாம் ஒத்துப்போனது. அங்கேதான் விழுந்தது இடி.

"ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணி. இடி. கச்சான், பலம் ஐந்து. அரைமணி பெருமழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்," என்று வாசித்தேன்.

கான்ஸ்டபிள் ரிஜிஸ்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மழை இல்லை! சார், மாட்டிக்கினாரு பாத்தீங்களா! சொட்டு மழை இல்லைன்னு போட்டிருக்குது சார்!"

நான் அந்த வரியை மறுபடி வாசித்துப் பார்த்தேன். நீங்கள் மட்டும் உள்ளேயிருந்து அமைதியாக, "பேஞ்சுதுங்க," என்றீர்கள்.

"ரிஜிஸ்டர்ல இல்லியேய்யா?" என்றார் கான்ஸ்டபிள்.

"அங்க பேயலை, இல்லைன்னு எழுதிக்கினாங்க. சரிதானே? எங்க பக்கம் பேஞ்சுது, பேஞ்சுதுன்னு எழுதனேன். லைனுக்கு இந்தப் பக்கம்தான் பேஞ்சுது."

"ரயில் லைனைப் பாத்துட்டு மழை நின்னுடுமா? ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டனாரா?"

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"என்ன கிழமைன்னு சொன்னீங்க?"

"ஞாயிறுங்க."

"மூணு மணி?"

"மூணு மணி."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு யாரிடம் என்று இல்லாமல், "மிளகாய்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. வீடு லைனுக்கு இந்தப் பக்கம். அவர் அன்று தாலுகா ஆபீஸ் பக்கம் டூட்டியில் இருந்தார். அங்கே ஒரு தூறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் வருஷத்து மிளகாய் அத்தனையும் ஊறிக் கிடக்கிறது. மழை என்றார் அவர் சம்சாரம். எங்கே மழை, நான் வெளியில்தானே இருந்தேன், தூங்கிவிட்டுக் கதை சொல்கிறாயா என்று இவர் எகிறியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த அம்மாள் இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"வீட்டுல தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேக்குது, டீச்சர்," என்றார் பாவம்.

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, அந்த நோட்டைக் கையில் எடுத்தார். "இதைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு வந்துடறேன்," என்றார். சாட்சிக்கு வைத்திருந்த நோட்டை இன்ஸ்பெக்டரே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனதை நாம் இரண்டு பேரும் பார்த்தோமே!

திரும்பி வரும்போது அந்த அம்மாளும் கூட வந்தார். மழையை எழுதி வைத்த மனுஷரைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த ஊர்ல நான் சொன்னதை நம்ப ஒருத்தரும் இல்லீங்க. நீங்க எழுதி வெச்சிருக்கீங்களே," என்றார்.

நீங்கள் எழுந்து நின்று, "நல்ல மழைங்கம்மா அது," என்றீர்கள். வேறென்ன சொல்வீர்கள்!

யுத்தம் முடிகிறவரை கூரைமேல் துணி பறக்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு உங்களை விட்டார்கள். டிரங்குப் பெட்டிக்கு வண்டி கிடைக்கவில்லை. ஒரு கைப்பிடியை நீங்கள் பிடித்தீர்கள், ஒன்றை நான் பிடித்தேன். பாதித் தெரு வந்ததும் என் பக்கம் சாய்ந்துவிட்டது.

"தங்கச்சி, அந்தக் கோடியைக் கொஞ்சம் தூக்கிப் புடி," என்றீர்கள்.

அதுவரை நான் உங்களுக்கு டீச்சர்தான். நான் தூக்கிப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போய், "அண்ணே, அன்னிக்கு அந்தப் பாயை நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வுடு. பூசணிக்கா நறுக்க நல்லாதான் இருந்துது," என்றீர்கள். நடுத்தெருவில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாம் சிரித்த சிரிப்பில் ஜட்கா குதிரை ஒன்று மிரண்டது.

அதற்குப் பிறகு எந்த லீவு வந்தாலும் நான் விழுப்புரத்தில்தான். துணி போனதும் நீங்கள் ஜங்ஷன் எஞ்சின்களின் புகையைப் பார்த்துக் காற்று எழுத ஆரம்பித்தீர்கள். விழுப்புரத்தில் புகைக்கா பஞ்சம்? நாலு பக்கமும் வண்டி. "கப்பல்லகூட இவ்ளோ சௌகரியம் இல்லை," என்று சொல்வீர்கள். நான் உங்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்த வந்தால் நோட்டை மூடிவிடுவீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன தை மாசக் காலையை ரூத்து பல தடவை சொல்லிவிட்டாள். கஞ்சி குடித்தீர்கள், வாசலில் நின்று வானத்தைப் பார்த்தீர்கள், உட்கார்ந்து 'வாடை, லேசு, பனி' என்று எழுதினீர்கள், பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினீர்கள். அவ்வளவுதான். நாங்கள் அழுதோம், ஏன் அழமாட்டோம்? ஆனாலும் எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் போனார் என்று சொல்லிச் சொல்லி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

இனி நீங்கள் கேட்காத சேதிகள். பிலிப்பு இப்போது டிரைவர். பேத்தி மேரிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. கச்சான் என்ற வார்த்தையைக் காற்று ஊதித்தான் சொல்கிறாள். நாடு சுதந்திரம் ஆகிவிட்டது, அண்ணே. எங்கள் ஸ்கூலில் கொடி ஏற்றினபோது எல்லாரும் நெஞ்சு விம்ம நின்றார்கள். நானும் நின்றேன். ஆனால் கொடி விரிந்ததும் என் மனசு முதலில் என்ன சொன்னது தெரியுமா? கச்சான், பலம் மூன்று. உங்களால் வந்த கேடு.

பெரிய சேதி இதுதான். பழைய கப்பல் நோட்டுகள் வைத்திருப்பவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று மெட்ராஸ் வானிலை ஆபீசிலிருந்து பேப்பரில் போட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன். ஓர் இளவயசு அதிகாரி ரயிலேறி வந்தார். என் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு நோட்டுகளைப் பரப்பினோம். அவருக்கும் அந்த 'க. 4. அ. 3.' ஒன்றும் புரியவில்லை. எனக்கு எத்தனை பெருமை! இன்ஸ்பெக்டருக்கு நடத்தின பாடத்தை அவருக்கும் நடத்தினேன்.

நடுவில் ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. நானும் அதுவரை பார்த்திராத பக்கம். ரங்கூன் போகிற வழியில், கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதினது. "காலை, காற்று வடகிழக்கு, பலம் ஏழு. மதியம், வடக்கே திரும்பியது, பெரிய பாய் கிழிந்தது. சாயங்காலம், வடமேற்கு, பலம் எழுத முடியவில்லை. எல்லோரும் உயிரோடு."

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்து, கடலை வரைந்து, உங்கள் கப்பலை ஒரு புள்ளியாக வைத்து, காற்றுகளை அம்பு அம்பாகப் போட்டார். அப்புறம் கப்பலுக்குக் கிழக்கே ஒரு நீளக் கோடு இழுத்தார். "புயல் இப்படிப் போயிருக்கு, டீச்சர். அந்த நாள்ல அந்த இடத்துல வேற கப்பல் இருந்ததா எங்ககிட்ட ஒரு காகிதமும் இல்லை. இந்த நாலு வரி இல்லைன்னா அந்தப் புயல் எந்த வழி போச்சுன்னு யாருக்குமே தெரியாது," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

அப்படி ஒரு நாளைக் கடந்து வந்தவரா நீங்கள்? ஊறின மிளகாயைப் பற்றி நூறு தடவை சொல்லிச் சிரித்தீர்களே, இதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே? அந்தச் சாயங்காலம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு யாரை நினைத்தீர்கள்?

எல்லா நோட்டுகளையும் இங்கிலீஷில் பெயர்த்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அதற்குத்தானே காத்திருந்தேன்! இப்போது ஸ்கூல் விட்டதும் அதுதான் வேலை. தினம் சாயங்காலம் ரங்கூனுக்குப் புறப்பட்டுவிடுகிறேன்.

முதல் நோட்டு முடிந்ததும் அதிகாரி மறுபடி வந்து ஒரு ஃபாரம் கொடுத்தார், இங்கிலீஷில் அச்சடித்தது. கப்பல் பேர், புறப்பட்ட துறை, எல்லாம் நிரப்பினேன். அடுத்த கட்டத்தில், பார்த்து எழுதினவர் பேர் என்று இருந்தது. நோட்டு அட்டைகளில் கப்பல் தலைவரான தண்டல் பேர்தான் இருக்கிறது. உங்கள் பேர் ஒரு பக்கத்திலும் இல்லை. எல்லாப் பக்கமும் புரட்டித் தேடிவிட்டேன். "தலைவர் பேரைப் போட்டுடுங்க, அதுதான் வழக்கம்," என்றார் அதிகாரி.

"அந்தத் தண்டலுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதுங்க. பார்த்தவர் இவரு, எழுதனவர் இவரு," என்று சொல்லி, 'சவரிமுத்து, சுக்கானி' என்று எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அதற்கும் கீழே இன்னொரு கட்டம். பெயர்த்து எழுதுகிறவருக்கு அவர் என்ன உறவு? அங்கே என் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள், ஒரு வார்த்தைக்குத் தவித்தேன். வெறும் சொந்தக்காரர் என்றால் போதாது. சிநேகிதர் என்றால் ஊர் சிரிக்கும். அண்ணன் என்று போட்டால் சர்க்கார் காகிதத்தில் பொய். கடைசியில் தமிழ் எழுத்திலேயே 'சம்பந்தி' என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆபீஸ்ல கேப்பாங்களே. இதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"இல்லீங்க," என்றேன். "அவங்ககிட்ட இல்லை. இருந்தா நான் எழுதமாட்டேனா?"

அப்படியே எடுத்துக்கொண்டு போனார், அண்ணே.

இன்னும் எட்டு நோட்டு இருக்கிறது. அடுத்த ஈஸ்டருக்குள் முடித்துவிடுவேன். ஒரு காற்றை விடமாட்டேன், ஒரு மேகத்தைக் கூட்டமாட்டேன். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு ஃபாரம் வரும். ஒவ்வொன்றிலும் உங்கள் பேரை எழுதி, அந்தக் கடைசிக் கட்டத்தில் இதே வார்த்தையைத் தமிழிலேயே போடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பெற்ற பெண்ணைக் கொடுத்து ஓர் அண்ணனைச் சம்பாதித்த
உங்கள் சம்பந்தி
எஸ்தர்